ஒரே ஒரு பந்தயம்

பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. அது ஓரளவுக்குத்தான் உண்மை. பானிப்பட்டு யுத்தங்கள் எந்தெந்த வருஷங்களில் நடந்தன என்று நடுநிசியில் எழுப்பிக் கேட்டாலும் நாம் தடங்கலின்றிச் சொல்லிவிடுவோம். எந்தப் பையனுக்கு எந்தச் சமயத்தில் என்ன நல்ல புத்தி புகட்டினோம் என்பதும் நன்றாக நினைவிருக்கும். எந்தப் பையனைப் பரிகாசம் செய்து நாற்பது பேர் நடுவில் தலைகுனிய வைத்தோம் என்பது மட்டும் எப்படியோ மறந்து போய்விடுகிறது. அதை ஞாபகப்படுத்துவதற்காகவே கடவுள் பழைய மாணாக்கர்களைச் சிருஷ்டித்திருக்கிறார் போலும்.

நாம் சரித்திர பாடம் சொல்லிக் கொடுப்பது ஆம்பூரில். வெளியூர் நேயர்கள் இந்த ஊரைப் பிரியாணியைக் கொண்டு அறிந்திருப்பார்கள். ஆனால் ஊர் பிழைப்பது தோலைக் கொண்டு. வேலூருக்கு மேற்கே வாணியம்பாடி வரையிலும், கிழக்கே இராணிப்பேட்டை வரையிலும் பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அதுதான் தொழில். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோலைப் பதப்படுத்தி, அரைப் பக்குவத்திலேயே கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1970-க்குப் பின்பு சர்க்கார் அதைக் கட்டுப்படுத்தி, உள்ளூரிலேயே முழுப் பொருளாகச் செய்து அனுப்பும்படி தூண்டியது. அதன் பயனாக ஷூ கம்பெனிகள் பெருகின. தோல் தொழில் போட்ட சோற்றுக்குப் பாலாறு கொடுத்த விலையைப்பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ம் வருஷம் ஒரு தீர்ப்பே எழுதியிருக்கிறது. அது வேறு கதை. இன்று காலை வேளையில் ஆம்பூர்ச் சாலையில் நின்று பார்த்தால், கம்பெனி பஸ்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைக் காணலாம். அவர்கள் தைக்கிற பாதரட்சைகளைப் போட்டுக்கொண்டுதான் ஐரோப்பாக் கண்டத்தில் எத்தனையோ பேர் உலாவப் போகிறார்கள்.

சென்ற ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த சமயம். புதிதாகச் சேரும் குழந்தைகளின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை நம் தலையில் விழுந்திருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தம் பெண்ணை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வந்து நின்றார். விண்ணப்பத்தில் 'ஷூ கம்பெனியில் கட்டிங் சூபர்வைசர்' என்று தொழில் எழுதியிருந்தது. கையெழுத்து எங்கேயோ பார்த்தது போலிருந்தது.

"என்னைத் தெரியவில்லையா, ஸார்?" என்றார் அவர்.

எல்லா உபாத்தியாயர்களையும் போல நாமும், "தெரியாமல் என்ன? சௌக்கியந்தானே?" என்று மழுப்பினோம்.

அவர் சிரித்துக்கொண்டே, "ஏழு நிமிஷம், ஸார்," என்றார்.

அந்த இரண்டு வார்த்தையும் காதில் விழுந்ததும் இருபது வருஷத்துத் திரை சட்டென்று விலகிற்று.

அப்பொழுது நாம் உத்தியோகத்துக்குப் புதிது. பட்டம் பெற்ற மிடுக்கு இன்னும் குறையாத காலம். அந்த வருஷம் நம் பள்ளிக்கூடத்துக் காற்பந்துக் கோஷ்டி ஜில்லாப் பந்தயத்துக்குத் தகுதி பெற்று வேலூருக்குப் புறப்பட்டது. தேகப்பயிற்சி ஆசிரியருக்குக் காய்ச்சல். ஆகையால் பையன்களை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. காற்பந்தைப்பற்றி அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாயிருக்கும் என்பதுதான்.

பதினொரு பேர் ஆடினார்கள். மூன்று பேர் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூவரில் ஒருவன் இந்தப் பையன். பந்தயம் முடிய ஒன்பது நிமிஷம் இருக்கும்போது நம் கோஷ்டியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இவனை உள்ளே அனுப்பினோம். இவன் போய் ஆடினான். பந்தயத்தில் நாம் தோற்றோம். மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

மறுநாள் காலையில் முதல் வகுப்பு சரித்திரம். இந்தப் பையன் சீருடைச் சட்டைக்கு மேல், எண் போட்ட அந்தக் கோஷ்டிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். நமக்கு அன்றைக்கு என்ன சனியன் பிடித்திருந்ததோ தெரியவில்லை. "எல்லோரும் எழுந்து நில்லுங்கள்! ஏழு நிமிஷம் ஆடிய மகாவீரர் விஜயம் செய்திருக்கிறார்!" என்றோம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒரு உபாத்தியாயரின் ஹாஸ்யத்துக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு கிடைப்பது அபூர்வம்; ஆகையால் நாமும் மகிழ்ந்து போனோம். அன்று மாலைக்குள் அவனுக்கு 'ஏழு நிமிஷம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சட்டையை அவன் மறுபடி போட்டுக்கொண்டு வரவில்லை. மைதானத்தின் பக்கமும் அதிகம் வரவில்லை. பரீட்சை முடிந்ததும் தாயார் வேலை செய்த ஷூ கம்பெனிக்கே வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

இவ்வளவும் இப்பொழுது நம் கண் முன்னால் வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

"அதை விடுங்கள், ஸார்," என்றார் அவர். "கம்பெனியில் கூட என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வரும். இப்போது பழகிவிட்டது. எனக்கு ஒரு உபகாரம் செய்யவேண்டும். இவளுக்குப் பந்தாட்டத்தில் பைத்தியம். நானும் ஜில்லாப் பந்தயத்தில் ஆடியிருக்கிறேன் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள். என்னிடம் படமும் இல்லை, பத்திரமும் இல்லை. கூட ஆடியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில். நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

நல்ல வேளையாக, விண்ணப்பத்தோடு சேர்க்கவேண்டிய ஒரு பத்திரத்தை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். "திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு வா, அப்பா. உன் பெண்ணையும் அழைத்து வா. சாவகாசமாகச் சொல்கிறேன்," என்று அனுப்பி வைத்தோம். அன்று வெள்ளிக்கிழமை. நமக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது.

குற்றவாளிக்கு அவகாசம் கிடைத்தால் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவான். சரித்திர உபாத்தியாயர் சரித்திரத்தைப் புரட்டுகிறார். ஏழு நிமிஷம் ஆடுவது ஒரு பெருமையா என்று நாம் கேட்டோமே, அந்தக் கேள்விக்கு உலகம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று தேடப் புகுந்தோம்.

முதலில் ஐரோப்பாவைப் பார்த்தோம். காற்பந்து அங்கே ஏறக்குறைய ஒரு மதம். தேசத்துக்காக ஆடுவது அங்கே ஒவ்வொரு பையனும் காணும் கனவு. அப்படிப்பட்ட இடத்தில் பிராங்க் ஜூரியேத்தி என்று ஒரு பிரெஞ்சுக்காரர். போர்தோ நகரத்துக் கோஷ்டியில் பெயர் பெற்ற தடுப்பு ஆட்டக்காரர். 2005-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி சைப்ரஸுக்கு எதிரான பந்தயத்தில், நேரமெல்லாம் தீர்ந்து மத்தியஸ்தர் ஊதுகுழலை வாயில் வைக்கப் போகிற சமயத்தில், அவரை உள்ளே அனுப்பினார்கள். சில விநாடிகளில் பந்தயம் முடிந்தது. பிரான்ஸ் தேசத்துக்காக அவர் ஆடிய ஆட்டம் முழுவதும் அவ்வளவுதான். அதன் பிறகு அவருக்கு அழைப்பு வரவில்லை.

இங்கிலாந்தில் மார்ட்டின் கெல்லி. 2012-ம் வருஷம் மே 26-ந் தேதி, ஆஸ்லோ நகரில் நார்வேக்கு எதிராக, எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் உள்ளே வந்தார். சில நாட்களுக்குள் வேறொருவர் காயம்பட, ஐரோப்பியக் கோப்பைக்குப் போகும் கோஷ்டியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அங்கே கடைசிவரை பெஞ்சியில்தான் இருந்தார். இன்னொருவர் டேவிட் நியூஜென்ட். இங்கிலாந்துக்காக ஒரே ஒரு பந்தயம், அதில் ஒரு கோல். 2007-ம் வருஷம் மார்ச்சு மாதம், அண்டோரா என்னும் குட்டித் தேசத்துக்கு எதிராக, கூட்டாளி அடித்த பந்து தானாகவே கோலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது கோட்டருகே இவர் ஓடிப்போய் ஒரு தட்டுத் தட்டினார். கோல் இவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. ஊரார் வேடிக்கை செய்யாமலில்லை. ஆனாலும் பதிவில் அது கோல்தான்; ஓடி வந்து அந்த இடத்தில் நின்றவர் அவர்தான்.

இவர்களெல்லாம் மாற்று ஆட்டக்காரர்கள். பந்தயத்தின் நடுவே ஆளை மாற்றும் வழக்கம் உலகக் கோப்பையில் 1970-ம் வருஷத்தில்தான் வந்தது. அதற்கு முந்திய காலத்தில் இறங்கியவன் கடைசிவரை ஆடவேண்டும். இறங்காதவன் கடைசிவரை பார்க்கவேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் சில விநாடி ஆட்டக்காரர் கிடையாது. ஆனால் ஒரே ஒரு பந்தய ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்களைத் தேடி நாம் ஐரோப்பா போகவேண்டியதில்லை. நம் தேசத்தின் முதல் கோஷ்டியே போதும்.

1948-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி. பாரத தேசம் சுதந்திரம் அடைந்து இன்னும் ஒரு வருஷம் பூர்த்தியாகவில்லை. லண்டனுக்குக் கிழக்கே இல்போர்டு என்னும் இடத்தில் கிரிக்கிள்பீல்டு மைதானம். ஒலிம்பிக் காற்பந்துப் பந்தயத்தில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா இறங்கிற்று. சுதந்திர இந்தியா ஆடிய முதல் சர்வதேசக் காற்பந்துப் பந்தயம் அது. நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலில், சிலர் துணிக் கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார்கள்.

முப்பதாவது நிமிஷத்தில் கூர்பென் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு கோல் போட்டார். நம் கோஷ்டிக்கு இரண்டு பெனால்டி கிடைத்தன. சைலேன் மன்னா ஒன்றையும் மகாவீர் பிரசாத் ஒன்றையும் அடித்தார்கள். இரண்டும் வீணாயின. எழுபதாவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் என்பவர் பந்தைக் கோலுக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமமாக்கினார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் தெருக்காரர் போலத் தோன்றும் இந்த ராமன், மைசூர் ராஜ்யத்துக்காக ஆடியவர். சுதந்திர இந்தியாவின் முதல் கோல் இவர் காலிலிருந்து பிறந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷமே இருக்கும்போது பெர்சியோன் என்பவர் பிரான்ஸுக்கு இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். தோற்றவர் வெளியே போகவேண்டும் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. கடல் கடந்து போனவர்களுக்கு ஒலிம்பிக் என்பது தொண்ணூறு நிமிஷத்தில் முடிந்து போயிற்று.

அவர்களில் சிலருக்குப் பின்னாலும் காலம் வந்தது. மன்னா தலைமை வகிக்க, மேவாலால் கோல் போட, 1951-ம் வருஷம் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள். ஆனால் முதல் கோல் போட்ட ராமனை அடுத்த ஒலிம்பிக்கில் காணோம். அன்றைய தலைவரையும் காணோம்.

அந்தத் தலைவரைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தாலிமெரன் ஆவ் என்று பெயர். நாகர் மலைகளில் 1918-ல் பிறந்தவர். இளமையிலேயே தகப்பனாரை இழந்தவர். கல்கத்தாவில் வைத்தியம் படித்துக்கொண்டே மோகன் பகான் கோஷ்டியில் ஆடினார். உடம்பில் முழு வலுவும் இருந்த வயதில் உலக யுத்தம் குறுக்கிட்டது. 1940-ம் வருஷத்து ஒலிம்பிக்கும் நடக்கவில்லை, 1944-ம் வருஷத்து ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. சுதந்திர இந்தியா லண்டனுக்குப் போன போது அவருக்கு வயது முப்பது. ஆரம்ப விழா ஊர்வலத்தில் நம் தேசக் கொடியைத் தாங்கிச் சென்றவர் அவர்தான். நீங்கள் ஏன் பூட்ஸ் போடாமல் ஆடுகிறீர்கள் என்று ஆங்கிலேயர்கள் விசாரித்ததற்கு, எங்கள் ஆட்டத்துக்குப் பெயரே காற்பந்து, உங்களுடையதுதான் பூட்ஸ் பந்து என்று அவர் வேடிக்கையாகப் பதில் சொன்னாராம். இரண்டு வருஷத்துக்குள் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தம் ஜனங்களிடையே டாக்டராகப் போனார். நாகாலாந்து ராஜ்யத்தின் சுகாதாரப் பகுதிக்கே தலைவராயிருந்து ஓய்வு பெற்று, 1998-ல் காலமானார். ஒலிம்பிக் பந்தயம் ஒன்று. வைத்தியம் சுமார் முப்பது வருஷம். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நமக்கு, இரண்டில் எது பெரிதென்று தீர்மானிக்க வெகு நேரம் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பந்தயத்தைப்பற்றி யாராவது அவரிடம் பரிகாசமாகப் பேசியிருப்பார்களா? இருந்திருக்க முடியாது.

வெறுங்கால் விஷயத்துக்கு வருவோம். 1950-ம் வருஷம் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பைக்குப் போக நம் தேசத்துக்கு இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள் என ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. பூட்ஸ் காரணமேயல்ல, உலகக் கோப்பையின் பெருமையை அப்போது நம் சங்கத்தார் உணரவில்லை என்று மன்னாவே பிற்காலத்தில் சொல்லிவிட்டார். எப்படியானாலும், 1948-ம் வருஷத்து மனிதர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இன்னொரு சந்தர்ப்பம் போயிற்று. 1952-ல் ஹெல்ஸிங்கி நகரத்துக் குளிரில் மறுபடி பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கி, யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றோம். அதன் பிறகுதான் நம் சங்கத்தார் பூட்ஸ் கட்டாயம் என்று விதி செய்தார்கள்.

விதி செய்வது சுலபம், பூட்ஸுக்குப் பணம்? தமிழ்ப் பெற்றோருக்குச் சிக்கந்தராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமன், இந்தியா கண்ட மகா திறமைசாலிகளில் ஒருவர். சிறுவனாயிருந்தபோது பூட்ஸ் வாங்க வகையில்லாமல், போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்துப் பந்தாட்ட பூட்ஸாக மாற்றித் தைக்கச் செய்து ஆடினாராம். அந்தக் கால்கள் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கும், 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கத்துக்கும் இந்தியாவைக் கொண்டு போவதில் பங்கு பெற்றன. மறு வருஷமே நோய் வந்து, முப்பது வயதுகூட ஆகாத நிலையில் ஆட்டத்தை விட நேர்ந்தது. 2023-ம் வருஷம் பிப்ரவரியில் காலமானார். அவருடைய பூட்ஸைத் தைத்துக் கொடுத்த அந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சனிக்கிழமை இரவு இந்த இடத்தில் வந்து நின்றதும் நமக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வந்தது என்று சொல்வது சரியல்ல. இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்த இடத்திலிருந்து வெளிப்பட்டது என்று சொல்லவேண்டும்.

வேலூரில் அந்தப் பையனை உள்ளே போகச் சொன்னபோது பாக்கியிருந்தது ஒன்பது நிமிஷம். அவன் ஆடியது ஏழு நிமிஷம். நடுவில் இரண்டு நிமிஷம் எங்கே போயிற்று?

அவனிடம் பூட்ஸ் இல்லை. பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்குமே இல்லை. கால் பிசகியவன் கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பூட்ஸைக் கழற்றினான். இவன் அதை வாங்கி மாட்டிக்கொண்டான். பெரிய அளவு, முன்னால் காகிதத்தைச் சுருட்டித் திணித்தான். கை நடுக்கத்தில் கயிறு முடிச்சு விழவில்லை. நாம் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்!" என்று அவசரப்படுத்தினோம். குனிந்து ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. அவனுடைய தாயார் அதே சமயத்தில் ஆம்பூரில் ஒரு தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, முகம் அறியாத யாருக்காகவோ பாதரட்சை தைத்துக்கொண்டிருந்திருப்பாள். இவ்வளவையும் கண்ணால் பார்த்த நாம், மறுநாள் வகுப்பில் 'ஏழு நிமிஷம்' என்றோம்! கணக்கிலும் தவறு, நியாயத்திலும் தவறு.

திங்கட்கிழமை காலையில் தகப்பனாரும் பெண்ணும் வந்தார்கள். பத்திரத்தை வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்தோம். பிறகு அந்தப் பெண்ணை எதிரே இருந்த பெஞ்சியில் உட்காரச் சொன்னோம்.

"குழந்தாய், உன் தகப்பனார் வேலூரில் ஜில்லாப் பந்தயம் ஆடினது நிஜம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்."

"எத்தனை நிமிஷம், ஸார்?" என்று கேட்டாள். சுற்றி வளைக்காத பெண்.

"ஏழு. ஒன்பது ஆடியிருக்கவேண்டும்."

பாக்கி இரண்டு நிமிஷத்தின் கதையைச் சொன்னோம். தகப்பனார் அதை வீட்டில் சொன்னதே இல்லையென்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இரவல் பூட்ஸ் என்பதைச் சொல்லிக்கொள்ள மனிதருக்கு என்ன வெட்கமோ! அவர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தைத் தொட்டாரா, ஸார்?"

"நான்கு தடவை. மூன்று தடவை சரியான ஆளுக்குக் கொடுத்தார். ஒரு தடவை பூட்ஸ் வழுக்கிப் பந்து வெளியே போய்விட்டது."

இது நமக்கு எப்படி நினைவிருந்தது என்று நமக்கே ஆச்சரியமாயிருந்தது. பரிகாசம் செய்த மனிதர் பார்க்காமலும் இல்லை. பார்த்ததைச் சொல்லாமல் இருந்தவர், அவ்வளவுதான்.

பிறகு அவரிடம், "அப்பா, அன்றைக்கு வகுப்பில் நான் பேசியது தப்பு. உன் பெண்ணின் எதிரிலேயே சொல்லிவிடுகிறேன்," என்றோம். அவர் பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் எதற்கு, ஸார்!" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது, ஸார்," என்று மட்டும் சொன்னார்.

நேயர்களில் சிலர் கேட்கலாம்: ஒருவன் ஏன் நிலைத்து ஆடவில்லை என்று விசாரிப்பதுதானே முறை, கொஞ்ச நேரம் ஆடியதற்கெல்லாம் கொண்டாட்டம் எதற்கு என்று. விசாரிக்கத்தான் வேண்டும். விசாரித்துப் பார்த்தால் யுத்தம் வருகிறது, நோய் வருகிறது, சங்கத்தாரின் அசட்டை வருகிறது, படிப்பும் குடும்பக் கவலையும் வருகின்றன, பூட்ஸ் இல்லாமை வருகிறது. சில சமயம் தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் வந்துவிடுகிறான். அதிலும் அவமானம் ஒன்றுமில்லை. கூப்பிட்டபோது எழுந்து போனானா என்பதுதான் அவனிடம் கேட்கத் தகுந்த கேள்வி. மற்றக் கேள்விகளெல்லாம் நம்மைப் போல் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றவர்களிடம் கேட்கவேண்டியவை.

நம் பள்ளிக்கூடத்தில் இப்பொழுது பெண்களுக்கும் ஒரு காற்பந்துக் கோஷ்டி இருக்கிறது. ஜூலை மாதம் நாமும் இன்னும் சில உபாத்தியாயர்களும் பணம் போட்டு, வெவ்வேறு அளவில் ஆறு ஜோடி பூட்ஸ் வாங்கி அலமாரியில் வைத்தோம். கோஷ்டி எங்கே போனாலும் அந்தப் பெட்டியும் கூடப் போகவேண்டும் என்றும், பெஞ்சியில் உட்காருகிறவர்களும் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே பூட்ஸ் மாட்டிக் கயிறு கட்டியிருக்கவேண்டும் என்றும் ஒரு விதி செய்தோம். ஐரோப்பாவுக்கே பாதரட்சை தைத்து அனுப்புகிற ஊர் இந்த விதியைச் செய்ய இத்தனை வருஷம் பிடித்தது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு பந்தயம் வந்தது. அந்தப் பெண் மாற்று ஆட்டக்காரிகளில் ஒருத்தி. தகப்பனார் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவள் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டாள். பிறகு நம்மிடம் வந்து, "சரியாயிருக்கிறதா, ஸார்?" என்று காலை நீட்டினாள். நாம் குனிந்து இழுத்துப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

அன்று ஆட்டம் முடியும் வரையில் அவளை உள்ளே கூப்பிடச் சந்தர்ப்பம் வரவில்லை. எல்லோரும் பூட்ஸைக் கழற்றிப் பெட்டியில் போட்ட பிறகும் அவள் மட்டும் கழற்றாமல், மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்து நின்று இரண்டு தடவை ஒலி எழுப்பிற்று. நாம் அவளை அவசரப்படுத்தவில்லை.